அனுப்பானடி எங்கே நிற்க வேண்டும்?

மதுரைக்காரர்களுக்குப் பழகிய ஏழு பெயர்களை எடுத்துக்கொள்வோம்: அச்சம்பத்து, அண்ணா நகர், அரசரடி, அலங்காநல்லூர், அவனியாபுரம், அழகர்கோயில், அனுப்பானடி. இது நம் நெடுங்கணக்கின் வரிசை. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று இனம் பார்த்து அமைந்த பதினெட்டு மெய்களில் றகரமும் னகரமும் கடைசியில் வரும். அதனால் அனுப்பானடி கடைசி. இதே ஏழு பெயர்களையும் யூனிகோட் எண்ணை மட்டும் பார்க்கிற ஒரு நிரலிடம் கொடுத்தால், அனுப்பானடி அரசரடிக்கு முன்னே போய் நிற்கும். அழகர்கோயில் அவனியாபுரத்தை முந்தும். ஓர் அலுவலகத்திலிருந்து வாங்கிய கிராமப் பட்டியலில் பனையூரைத் தேடியபோது இந்தக் குழப்பத்தை முழுமையாக அனுபவித்தேன். பகரத்தின் கடைசியில் தேடிக்கொண்டிருந்தேன். அது நடுவில் எங்கோ கிடந்தது.

மேலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் தமிழாசிரியை. மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் சமவெளியில் கண்மாய்ப் பாசனத்தைச் சேர்ந்த சொற்களைச் சேகரிப்பது என் பல வருட வேலை. மடை, மறுகால், கலிங்கு, குமிழி, உள்வாய், வரத்துக்கால், நீர்பாய்ச்சி என்று தொடங்கிய குறிப்புகள் இன்று ஊர், மரம், மண், கருவி, ஆள், சடங்கு என்று கிளை விட்டிருக்கின்றன. இவை தலைப்பும் துணைத்தலைப்புமாக ஒரே கோப்பில் இருக்கின்றன. சேமிக்கும்போதே தமிழ் வரிசையில் தாமாக அடுக்கிக்கொள்கின்றன. இதைச் செய்து முடித்த பிறகுதான், இதே வேலையைச் சீட்டிலும் அச்சிலும் செய்து வந்த ஒரு நீண்ட மரபு மதுரையில் இருப்பது எனக்கு உறைத்தது. அந்த மரபைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

தமிழில் சொற்களைத் தொகுத்தவர்கள் முதலில் பொருள் பார்த்துத்தான் தொகுத்தார்கள். திவாகரம், பிங்கலம், மண்டலபுருடரின் சூடாமணி எல்லாம் அப்படித்தான். சூடாமணி நிகண்டில் பன்னிரண்டு தொகுதிகள்: தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று உலகத்தையே தலைப்புகளாகப் பிரித்துவிடுகிறது. பதினோராம் தொகுதியில் மட்டும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்கள் எதுகை வரிசையில், அதாவது இரண்டாம் எழுத்தைப் பார்த்து அடுக்கப்பட்டிருக்கின்றன. மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு அது பெரிய வசதி. பாட்டு நாவில் ஏறிவிட்டால் எந்தச் சொல்லும் தானே வந்து நிற்கும். ஆனால் மனப்பாடம் செய்யாதவர் புரட்டித் தேட அதில் வழியில்லை. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு முதலெழுத்தை வைத்துச் சொற்களை வரிசைப்படுத்தியது. அகராதி என்ற பெயரே அங்கிருந்துதான் நிலைத்தது.

எனக்கு மிகவும் நெருக்கமானது அதற்கடுத்த படி. மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவுகள்; ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசை. நிகண்டின் தலைப்புகளை அவர் விட்டுவிடவில்லை, அகராதியின் வரிசையையும் விடவில்லை. பெயரகராதியில் சொல்லைத் தேடிப் பொருளைப் பெறலாம். பொருளகராதியில் பொருளைத் தேடி அதன் பல பெயர்களைப் பெறலாம். மேலே பகுப்பு, உள்ளே வரிசை. இன்று கணினியில் குறிப்பெடுக்கிறவர்கள் அடுக்குத் தலைப்புகள் வைத்துச் செய்வதும் இதே அமைப்புதான். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல், எகர ஏகாரத்துக்கு வேறுபாடு காட்டாமல் எழுதிவந்த காலம் அது. அந்த எழுத்தை வைத்துக்கொண்டு எதை எதற்கு முன் வைப்பது? ஏகார ஓகாரத்துக்குத் தனி வடிவம் தந்தவரும் அவரே என்பது இந்த வேலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. எழுத்து தெளிந்தால்தான் வரிசை தெளியும். சதுரகராதி கைப்படிகளாகவே நெடுங்காலம் பரவி, 1824இல்தான் முழுதாக அச்சானது.

அடுத்த கட்டம் முழுக்க மதுரை. 1901 செப்டம்பர் 14 அன்று பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் செந்தமிழ் இதழையும் ஏடு தேடிப் பதிப்பித்த பணியையும் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சங்கம் அகரவரிசைக்குச் செய்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1910இல் அங்கிருந்து இரண்டு பெரிய தொகுப்புகள் வந்தன.

ஒன்று, யாழ்ப்பாணத்துக் கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த தமிழ்ச் சொல்லகராதி. சங்க அகராதி என்றே பெயர் பெற்றது. தொகுத்தவர் மறைந்த பிறகு முதல் பகுதி 1910இலும் அடுத்தது 1912இலும் மூன்றாவது 1923இலும் வெளிவந்தன. திரு.வி.க.வின் ஆசிரியரான நா. கதிரைவேற்பிள்ளையும் ஓர் அகராதி செய்தவர். இருவரையும் ஒருவராக்கிவிடும் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இங்கே பிரித்துச் சொல்கிறேன்.

மற்றொன்று அபிதான சிந்தாமணி. ஆ. சிங்காரவேலு முதலியார் சென்னையில் தமிழாசிரியர். புராணப் பெயர்கள், புலவர்கள், தலங்கள், அரசர்கள், மரபுச் செய்திகள் என்று படித்ததையெல்லாம் ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார். அச்சிட ஆள் கிடைக்காமல் இருந்த அந்தக் குவியலைப் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்து வெளிக்கொண்டுவந்தார். முதல் பதிப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. முதலியார் 1931இல் காலமாகி, 1934இல் வந்த இரண்டாம் பதிப்பு 1600 பக்கங்களுக்கும் மேல் வளர்ந்திருந்தது. தனி ஒருவரின் குறிப்பேடு ஓர் இனத்தின் கலைக்களஞ்சியமாக மாறியதற்குக் காரணம் அவருடைய படிப்பு மட்டுமன்று. ஒவ்வொரு குறிப்பும் எவரும் தேடி எடுக்கக்கூடிய இடத்தில் வைக்கப்பட்டதும்தான். அடுக்காமல் விட்டிருந்தால் அது பெட்டியோடு போயிருக்கும். எத்தனையோ தமிழாசிரியர்களின் குறிப்புகள் அப்படிப் போயிருக்கின்றன, பழைய பேப்பர்க் கடைக்கு எடை போடப்பட்டிருக்கின்றன. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்கும் மதுரைத் தொடர்பு உண்டு. ஜி.யு. போப் 1905இல் எழுப்பிய யோசனை, 1913இல் அமெரிக்கன் மதுரை மிஷனின் ஜே.எஸ். சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வேலையாகத் தொடங்கியது. செந்தமிழ் ஆசிரியராக இருந்த மு. இராகவையங்கார் அதன் தலைமைத் தமிழ்ப் பண்டிதரானார். 1926இல் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளை அதை 1936இல் ஆறு தொகுதிகளாக முடித்தார். 1939இல் பிற்சேர்க்கையும் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். இதற்கிடையே 1937இல், மதுரைப் புத்தக வியாபாரி இ.மா. கோபாலகிருஷ்ணக் கோன் மதுரைத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டார். ஒரு புத்தகக்கடைக்காரர் தம் ஊர்ப் பெயரில் பேரகராதி போடத் துணிந்த காலம்!

அந்த வேலை எப்படி நடந்திருக்கும் என்பதை என் தலைமுறை கொஞ்சம் அறியும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நான் ஆய்வு செய்தபோது கணினி எங்கள் கைக்கு வரவில்லை. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. மேல் இடது மூலையில் சொல், வலது மூலையில் நூலும் வரி எண்ணும், நடுவில் பொருள். முதலில் முதலெழுத்தைப் பார்த்துத் தரையில் குவியல் போட வேண்டும். பிறகு ஒவ்வொரு குவியலையும் இரண்டாம் எழுத்துக்குப் பிரிக்க வேண்டும். ககரக் குவியல் எப்போதும் பெரிதாக இருக்கும். அதை மட்டும் சுவரோரமாகத் தனியே பரப்புவோம். மின்விசிறியைப் போட முடியாது. மே மாத மதுரையில் விசிறி இல்லாமல் உட்கார்ந்து அட்டை பிரித்தவர்களுக்கு அகரவரிசை என்பது மூளையில் மட்டும் இல்லை, முதுகிலும் இருக்கிறது.

அந்த அட்டைகளில்தான் ஒரு நுட்பம் பிடிபட்டது: புள்ளியெழுத்தை எங்கே வைப்பது? அக்கா முதலா, அகம் முதலா? லெக்சிகன் அக்காவை முதலில் வைக்கிறது. மெய் தனியே நிற்பது முதல், அதன்மேல் உயிர் ஏறுவது பிறகு. தனி மெய் அரை மாத்திரை, ககரம் ஒரு மாத்திரை, காகாரம் இரண்டு என்று ஒலி வளர்வதை வரிசையும் பின்பற்றுகிறது என்று எங்கள் பேராசிரியர் விளக்கினார். இதைவிட அழகான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கணினி வந்தபோது முதலில் இந்த அழகுதான் போயிற்று. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியலாளராக இருந்தவர், சங்கம் இருந்த ஊரின் பெயரையே தம் திட்டத்துக்கு வைத்தார். உலகெங்கும் இருந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அவரே உருவாக்கிய மயிலை எழுத்துருவில் தொடங்கி, திஸ்கி குறியாக்கத்துக்கு மாறி, பிறகு யூனிகோடுக்கு வந்தது அந்தத் திட்டம். நூல்கள் அழியாமல் காக்கப்பட்டன. அதற்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் அந்தக் கால எழுத்துருக்கள் தட்டச்சுப் பொறியைப் போல எழுத்தின் உருவத்தைத்தான் சேமித்தன. கோச்சடை என்று அடித்தால் உள்ளே முதலில் பதிவாவது இரட்டைக்கொம்பு, அப்புறம் ககரம், பிறகு கால். வரிசைப்படுத்தினால் கோச்சடை, சோழவந்தான், தேனூர், மேலூர் நான்கும் இரட்டைக்கொம்பின் கீழ் ஒரே கூட்டமாக வந்து சேரும்.

யூனிகோட் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். ஆனால் வேறொன்றைக் கொண்டுவந்தது. அதன் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வகுத்த இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. தேவநாகரியின் கட்டங்கள் எப்படியோ அப்படியே தமிழுக்கும். ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று வெற்றிடங்கள் இருக்கக் காரணம் இதுதான். தமிழின் வேறு சில எழுத்துகள் ஒலியால் நெருங்கிய எழுத்தின் பக்கத்தில் செருகப்பட்டன: னகரம் நகரத்துக்குப் பக்கத்தில், றகரம் ரகரத்துக்குப் பக்கத்தில், ளகரமும் ழகரமும் லகரத்தை ஒட்டி வகரத்துக்கு முன்னால். புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால். எனவே அகம், அகில் இரண்டும் போன பிறகுதான் அக்கா வருவாள். எண்ணை வரிசையாகக் கொள்ளக் கூடாது, மொழிக்கேற்ற வரிசை விதியைத் தனியே பயன்படுத்த வேண்டும் என்பது யூனிகோட் அமைப்பின் நிலைப்பாடு. தமிழுக்கான அந்த விதியும் இருக்கிறது. அதில் க் முதலிலும் க அடுத்தும் வருகிறது, னகரம் பதினெட்டாவதாக நிற்கிறது. அந்த விதியை அழைக்காமல் விடும் நிரல்கள்தாம் இன்னும் ஏராளம்.

நான் பயன்படுத்துவது ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்தி. ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்துக்காக 1985இல் வெளியிட்டது. பயன்படுத்துகிறவரே அதன் நடத்தையை மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் உயிர். அதற்குள் 2003இல் ஆம்ஸ்டர்டாம் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் தம் குறிப்புகளுக்காக எழுதியது ஆர்க் மோட். ஓர் உடுக்குறி போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் துணைத்தலைப்பு. தலைப்பை மூடலாம், விரிக்கலாம், ஒரே மட்டத்தில் உள்ளவற்றை வரிசைப்படுத்தலாம். எழுத்து வரிசை, எண் வரிசை, நாள் வரிசை எல்லாம் ஆயத்தமாக இருக்கின்றன. என் கணினியில் எழுத்து வரிசை என்று கேட்டால் யூனிகோட் எண்ணின்படிதான் அடுக்கியது. மறுகால் மலைக்கும் மழைக்கும் முன்னால் வந்து நின்றது. ஆனால் வரிசைக்கான சாவியை நாமே செய்து தரவும் அதில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அந்த இடம் எனக்குப் போதும்.

சாவி செய்வது எப்படி என்றால், ஒவ்வொரு எழுத்தையும் நான்கு இலக்கமாக மாற்றுகிறேன். முதல் இரண்டு மெய்யின் எண், அடுத்த இரண்டு உயிரின் எண். ககரம் 01, னகரம் 18. அகரம் 01, ஔகாரம் 12, புள்ளி 00. மெய் இல்லாமல் உயிர் மட்டும் வந்தால் முன்னால் 00, ஆய்தம் 0013. மகர மெய் பத்தாவது, டகரம் ஐந்தாவது, ஐகாரம் ஒன்பதாவது. ஆகவே மடை என்பது 1001 0509. மலை 1001 1309, மழை 1001 1509, மறுகால் 1001 1705 0102 1300. இந்த எண்களை ஒப்பிட்டாலே மடை, மலை, மழை, மறுகால் என்று நெடுங்கணக்கு வரிசை வந்துவிடும். ஈமாக்ஸின் நிரல்மொழியான லிஸ்பில் இது ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. கோப்பைச் சேமிப்பதற்குச் சற்று முன் ஒவ்வொரு தலைப்பின் உள்ளும் இது ஓடுகிறது. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்று ஒன்பதாம் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதுவதை அப்படியே கூட்டல் கணக்காக இங்கே எழுதினேன். தொல்காப்பியர் வகுத்த எழுத்திலக்கணம் நிரலாக்கத்துக்கு இவ்வளவு ஆயத்தமாக இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. பைத்தான் தெரிந்தவர்களுக்கு, முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன் தமிழ் நிரல்தொகுப்பில் இதே வேலையைச் செய்யும் செயல்கூறு இருக்கிறது.

எங்கள் ஊரில் இதைப் பேரளவில் செய்தவர் முனைவர் ப. பாண்டியராஜா. அமெரிக்கன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். சங்க இலக்கியம் தொடங்கிப் பல நூல்களுக்குத் தொடரடைவுகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார். ஒரு சொல்லைத் தேடினால் அது வரும் அடிகள் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். அந்த அட்டைக் காலத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் அலைந்த நாங்கள் அதைப் பார்த்தபோது அடைந்த மகிழ்ச்சியை இன்றைய மாணவர்களுக்கு விளக்குவது கடினம். மிஷன் துறவி, ஜமீன்தார், புத்தக வியாபாரி, கணிதப் பேராசிரியர் என்று தமிழைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் பலர் இந்த ஒழுங்கைக் கட்டிக்காத்திருக்கிறார்கள். தமிழாசிரியர்களான நாங்கள் நிரலாக்கத்தைப் பிறர் வேலை என்று இனியும் ஒதுக்கக் கூடாது என்று நான் எங்கும் சொல்லி வருகிறேன்.

வரிசைப்படுத்தக் கூடாத இடமும் உண்டு. பெரியாறு பாசனத்தில் வேலை பார்த்த ஒரு முதிய நீர்பாய்ச்சியிடம் என் ஊர்ப்பட்டியலை வாசித்துக் காட்டினேன். கள்ளந்திரி, பேரணை, மேலூர் என்று போனது. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“டீச்சர், கள்ளந்திரிய மொதல்ல சொல்றீகளே? பேரணையில தெறந்தாத்தான கள்ளந்திரிக்கு வரும்?”

“எழுத்து வரிசையில போட்டிருக்கேன், ஐயா.”

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது சரிதான். வாய்க்காலுக்கு இப்பிடிப் போட்டா யாரும் மடைய முன்னப்பின்ன தெறந்துருவாக.”

அவர் சொன்னது சரி. 1895இல் முல்லைப் பெரியாற்று அணை திறந்ததிலிருந்து வைகைக்கு வந்து சேரும் தண்ணீர், பேரணையில் பிரிந்து, கள்ளந்திரி வழியாக மேலூருக்குப் போகிறது. கண்மாய்த் தொடர்களுக்கும் அதே முறைதான்: மேல் கண்மாயின் மறுகால் கீழ்க் கண்மாயின் வரத்து. அந்த வரிசை கலைந்தால் குறிப்பில் மிஞ்சுவது வெறும் பெயர்கள். ஆகவே வாய்க்கால், கண்மாய்த் தொடர் என்ற தலைப்புகளுக்கு ஒரு பண்பு எழுதி வைத்தேன். அது இருக்கும் தலைப்புக்குள் என் நிரல் கை வைக்காது, நான் எழுதிய ஓட்டத்தையே காக்கும். திருவிழாவில் எந்த ஊருக்கு முதல் மரியாதை, அடுத்து எந்த ஊருக்கு என்பதும் அப்படிப் பூட்டப்பட்ட தலைப்புதான். அதை அகரவரிசையில் போட்டால் ஊருக்குள் நான் நடமாட முடியாது. மற்றவை எல்லாம் அகரவரிசை. வீரமாமுனிவருக்கு நான்கு பிரிவுகள் போதுமாயிருந்தன. எனக்கு நீரோட்டத்துக்கும் மரியாதைக்கும் ஐந்தாவது ஆறாவது வேண்டியிருக்கிறது.

மிச்சமிருப்பது கிரந்த எழுத்து. யூனிகோட் எண்ணில் ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே. யூனிகோடின் தமிழ் வரிசை விதியில் னகரத்துக்கும் பின்னால். ஜெய்ஹிந்துபுரமும் ஜமீனும் இல்லாமல் மதுரைப் பக்கத்துக் குறிப்புகள் எழுத முடியாது, எனவே ஜ 19, ஷ 20, ஸ 21, ஹ 22 என்று கடைசியில் எண் கொடுத்திருக்கிறேன். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் பெரியவர்கள் சல்லிக்கட்டு என்றுதான் சொல்கிறார்கள். முழுக் குறிப்பும் அந்தப் பெயரில் சகரத்தில் இருக்கிறது. ஜகரத்தில் ‘ஜல்லிக்கட்டு: சல்லிக்கட்டு காண்க’ என்று ஒரு வரி மட்டும்.